அறுபதுக்குப் பின் ஒரு கவராயம்



தென் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார்கள். வயது 62. கணவர் காலமாகி, இத்தா முடிந்து, வீடு ஓய்ந்து கிடந்த பிற்பகல்களில் பேரனுடைய கணிதப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு வட்டம் வரையத் தொடங்கினார்களாம். வட்டத்திற்குள் முக்கோணம், முக்கோணத்தின் மீது முக்கோணம், அதைச் சுற்றி மீண்டும் வட்டங்கள் என்று நான்கு மாதங்களில் மூன்று நோட்டுகள் நிரம்பிவிட்டன. வெளியூரிலிருந்து வந்த மகன் அவற்றைப் பார்த்துவிட்டு, "என்ன உம்மா, சின்னப் புள்ளைங்க வேலையெல்லாம் நீங்க பார்க்குறீங்க? யாராவது பார்த்தா என்ன நெனைப்பாங்க?" என்று சிரித்திருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த நோட்டுகள் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கின்றன.

சகோதரி கேட்பவை இரண்டு. இப்படி வரைவதற்கு மார்க்கத்தில் ஏதேனும் தடை உண்டா? இந்த வயதில் தொடங்குவதற்குப் பொருள் ஏதேனும் உண்டா?

முதல் கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றித்தான் உலமாப் பெருமக்களிடையே விவாதம் உண்டு. கோடும் கோணமும் வட்டமும் அந்த விவாதத்திற்குள் வருவதே இல்லை. உலகெங்கும் பள்ளிவாசல்களின் மிஹ்ராபிலும் மிம்பரிலும் ஜன்னல் பலகணிகளிலும் இருப்பவை இந்த வடிவங்களே அல்லவா? இங்கே இடைமறித்து ஒன்று சொல்லவேண்டும். உருவம் வரையத் தடை இருந்ததால்தான் முஸ்லிம்கள் வேறு வழியின்றி வடிவியலுக்குள் ஒதுங்கினார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. வழியில்லாமல் ஒதுங்கியவர்கள் ஒரு கலையை அத்தனை உயரத்திற்குக் கொண்டுபோக மாட்டார்கள். எண்ணின் மீதும் ஒழுங்கின் மீதும் கொண்ட காதல் இல்லாமல் அந்தச் சுவர்கள் எழுந்திருக்க முடியாது.

இரண்டாவது கேள்விதான் கனமானது. அதற்கு ஓர் ஈரானிய அம்மையாரின் வாழ்க்கையைச் சொல்லலாம்.

முனீர் ஷாஹ்ரூதி ஃபர்மான்ஃபர்மாயான் என்பது அவர் பெயர். 1922-இல் கஸ்வீன் நகரில் பிறந்தவர். முனீர் என்றால் ஒளி தருவது என்று பொருள். பின்னாளில் கண்ணாடித் துண்டுகளோடு வாழ்நாளைக் கழித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடிப்பிடிக்க முடியாது! தெஹ்ரானில் நுண்கலை பயின்று, இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் நியூயார்க் சென்றார். அங்கே படித்தார், ஒரு பெரிய துணிக்கடைக்கு விளம்பரச் சித்திரங்கள் வரைந்து பிழைத்தார். அந்தக் கடையின் பைகளில் நெடுங்காலம் இருந்த ஊதாப்பூ அவர் கை வரைந்ததுதான். 1957-இல் அபுல்பஷர் ஃபர்மான்ஃபர்மாயான் என்ற வழக்கறிஞரை மணந்து தாயகம் திரும்பினார்.

ஷீராஸ் நகரத்து ஷாஹ் சிராக் தர்காவிற்குச் சென்றபோதுதான் அவர் பாதை திரும்பியது. அதன் உட்கூடம் முழுவதும், சுவரும் விதானமும், ஆயிரமாயிரம் சிறு கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டது. உள்ளே நடப்பவர்களின் உருவம் முழுமையாக எங்கும் தெரிவதில்லை. ஒரு கண், ஒரு விரல், விளக்கின் ஒரு பொறி என்று சிதறித் தெரியும். வெனிஸ் நகரிலிருந்து வரவழைத்த பெருங் கண்ணாடிகள் வழியில் உடைந்துபோனதால், உடைந்த துண்டுகளை வீணாக்க மனமின்றி ஈரானியக் கைவினைஞர்கள் கண்டெடுத்த கலை இது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எத்தனை தூரம் உண்மையோ, கேட்க இனிமையாக இருக்கிறது. முனீர் அம்மையார் அந்தக் கூடத்தில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தார். பிறகு ஹாஜி உஸ்தாத் முஹம்மது நவீத் என்ற கைவினைஞரைத் துணைகொண்டு தம்முடைய கண்ணாடிப் படைப்புகளைத் தொடங்கினார்.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது.

1979-இல் ஈரானில் புரட்சி நிகழ்ந்தபோது தம்பதியர் நியூயார்க்கில் இருந்தார்கள். திரும்ப முடியவில்லை. வீடு பறிபோயிற்று. ஊர் ஊராக அலைந்து சேகரித்த நாட்டுப்புறக் கலைப் பொருள்களும் அவருடைய சொந்தப் படைப்புகளில் பலவும் கைவிட்டுப் போயின. அம்மையாருக்கு அப்போது வயது 56. அந்நிய நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. மெல்லிய கண்ணாடியை நினைத்தபடி வெட்டித்தரும் உஸ்தாதுகள் அங்கில்லை, பட்டறை இல்லை, சாந்து குழைக்க ஆளில்லை. எஞ்சியிருந்தவை காகிதமும், வண்ணப் பென்சிலும், மைப்பேனாவும்தான்.

அவற்றைக்கொண்டு அவர் வரைந்தார். அறுகோணத்தை எடுத்து அதை இரண்டாக, மூன்றாக, ஆறாகப் பிரித்தார், பிரித்ததை நீட்டினார், நீட்டியதை மடக்கினார். அவர் கலைஞரானது முதுமையில் அல்ல என்பது உண்மையே. ஆனால் காகிதத்தின் மீது வடிவியல் வரைபடம் என்ற ஒன்று அவர் வாழ்வில் பெருகி வளர்ந்தது, எல்லாம் பறிபோன பிறகுதான். 1991-இல் கணவரும் காலமானார். அந்தத் துயரத்தில் பழைய புகைப்படங்களையும் சிறு நினைவுப் பொருள்களையும் பெட்டிகளுக்குள் அடுக்கி ஒரு வரிசைப் படைப்புகள் செய்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் நீடித்தது அந்த அந்நிய வாசம்.

2004-இல் தெஹ்ரான் திரும்பினார். வயது 81. நம் வீடுகளில் அந்த வயதில் ஒருவர் ஊர் திரும்பினால் எதற்காக என்று நினைப்போம்? சொந்த மண்ணில் மௌத்தாகத்தான் என்போம். அம்மையார் பட்டறை திறந்தார். பழைய கைவினைஞர்களைத் தேடிச் சேர்த்தார். காகிதத்தில் அவர் வரைந்து கொடுக்க, அவர்கள் கண்ணாடி வெட்டிப் பதித்தார்கள். நியூயார்க் வீட்டில் வேறு வழியின்றி வரைந்து பழகிய அந்த வரைபடங்களின் பயிற்சி இப்போது கை கொடுத்தது. 2015-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய கண்ணாடிப் படைப்புகளோடு வரைபடங்களையும் சேர்த்துத் தனிக் கண்காட்சி நடத்தியபோது அவருக்கு வயது 92. 2017 டிசம்பரில், தெஹ்ரான் நகரின் நிகாரிஸ்தான் தோட்டத்தில் அவர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஈரானில் ஒரு பெண் கலைஞருக்கென்றே அமைந்த முதல் அருங்காட்சியகம் அது. 2019 ஏப்ரலில் தம் 96-ஆம் வயதில் காலமானார்.

இப்படியொரு வரலாற்றைச் சொன்னவுடன், "அவர் பெரிய இடத்துப் பெண்மணி, நாங்கள் யார்?" என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. புகழ் வரும் என்று எந்தச் சகோதரிக்கும் நான் வாக்களிக்கவில்லை. புகழ் வருவதிலும் ஓர் ஒழுங்கு கிடையாது. ஹவானாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த கார்மென் ஹெரேரா, நேர்கோடும் இரண்டொரு வண்ணமுமாகப் பல்லாண்டு வரைந்தவர். அவருடைய முதல் ஓவியம் விலைபோனபோது வயது 89. அதன்பின் 106 வயதுவரை வாழ்ந்து புகழைக் கண்ணாரக் கண்டார். பெய்ரூத் நகரத்து சல்வா ரவ்தா ஷுகைர் அம்மையாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இஸ்லாமிய வடிவியலையும் அரபுக் கவிதையின் அடுக்கையும் உள்வாங்கி அருவக் கலை படைத்தவர். லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் 2013-இல் அவருக்குப் பெரும் கண்காட்சி எடுத்தபோது வயது 96-ஐத் தாண்டியிருந்தது. நினைவு மங்கும் நோயில் இருந்தார். உலகம் கதவைத் தட்டிய நேரத்தில் வீட்டுக்காரருக்கு அது கேட்கவில்லை. ஆகவே புகழை எண்ணிக் கவராயம் எடுப்பவர்கள் எடுக்காமல் இருப்பதே நலம்.

பின் எதற்காக வரைவது? அருவ ஓவியம் என்பது எந்தப் பொருளையும் காட்டாத ஓவியம். மரமில்லை, முகமில்லை, நிலவில்லை. அதனால் "இது யானை மாதிரி இல்லையே" என்று யாரும் குறைகூற வழியில்லை. அதிலுள்ள வடிவியல் வகைக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. தவறு செய்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர் தேவையில்லை. வட்டமொன்று போட்டு, கவராயத்தின் அகலத்தை மாற்றாமல், வட்டத்தின் மீதே அடி எடுத்துவைத்து வாருங்கள். சரியாக ஆறாவது அடியில் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வீர்கள். ஒவ்வொரு அடியிலும் அரை மில்லிமீட்டர் வழுவியிருந்தால் முடிவில் மூன்று மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கும். காரணமும் எளிது: மையத்தையும் அடுத்தடுத்த இரு புள்ளிகளையும் சேர்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம், அதன் கோணம் 60 பாகை, ஆறு முக்கோணங்கள் சேர்ந்தால் 360. நம் சகோதரி மூன்று நோட்டுகளில் தாமாகவே கண்டுகொண்டிருப்பது இதைத்தான்.

ஆறு இணங்கிப் போகும். நான்கும் மூன்றும் அப்படியே. ஐந்துதான் முரண்டு பிடிக்கும். சம ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 பாகை. மூன்று ஐங்கோணங்களை ஒரு புள்ளியில் சேர்த்தால் 324. இன்னும் 36 பாகை இடைவெளி. நான்காவதை நுழைக்க இடமில்லை. ஐங்கோண ஓடுகளை மட்டும் வைத்துத் தரை பாவவே முடியாது. ஆனால் பாரசீகத்துக் கொத்தர்களும் தச்சர்களும் ஐந்தையும் பத்தையும் விட்டுவிடவில்லை. பத்துக்கோணம், நீண்ட அறுகோணம், இடை சிறுத்த வில்முடிச்சு வடிவம் என்று துணை வடிவங்களைப் படைத்து அந்த இடைவெளிகளை நிரப்பினார்கள். இஸ்ஃபஹான் நகரில் 1453-ஆம் ஆண்டைச் சேர்ந்த தர்பே இமாம் கட்டடத்தில் உள்ள ஒரு வேலைப்பாட்டை 2007-இல் பீட்டர் லூ, பால் ஸ்டெய்ன்ஹார்ட் என்ற இரு அமெரிக்க இயற்பியலாளர்கள் ஆராய்ந்து சயின்ஸ் இதழில் எழுதினார்கள். ஒழுங்கு உண்டு, ஆனால் ஒரே துண்டு சம இடைவெளியில் திரும்ப வருவதில்லை. இத்தகைய அமைப்பை ரோஜர் பென்ரோஸ் என்ற கணித மேதை 1970களில்தான் கண்டார். அதற்கு ஏறத்தாழ 500 ஆண்டுகள் முன்பே இஸ்ஃபஹான் சுவரில் அதை மிக நெருங்கிய ஒன்று இருக்கிறது என்றார்கள். இதைப் படித்துவிட்டு, பென்ரோஸின் நிரூபணம் அன்றே நம்மவர்களுக்குத் தெரியும் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அதற்குச் சான்றில்லை. கையும் கண்ணும் அந்த இடத்திற்குச் சென்று சேர்ந்தன. அதுவே வியப்பிற்குப் போதுமானது.

கையும் கணக்கும் சந்திப்பதைப் பற்றி இன்னும் பழைய செய்தி ஒன்று. 940-இல் குராசானில் பிறந்து பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி, கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியல் பற்றித் தனி நூலே எழுதினார். கணிதர்களும் கைவினைஞர்களும் கூடிய அமர்வில் ஒரு கேள்வி எழுந்ததாக அதில் குறிப்பிடுகிறார்: மூன்று சம சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி? கணிதர்களுக்கு நிரூபிக்கத் தெரிந்தது, வெட்டத் தெரியவில்லை. கைவினைஞர்கள் வெட்டினார்கள், ஆனால் பார்வைக்குச் சதுரமாக இருந்தது உண்மையில் சதுரமாக இல்லை. இரு தரப்பையும் கடிந்துகொண்டு, அபுல் வஃபா தாமே வழி சொன்னார். மேதை ஒருவர் தச்சர்களோடு அமர்ந்து பலகை வெட்டுவதைப் பற்றிப் பேசிய காலம் அது.

இனி நம் சகோதரிக்கும், அவரைப்போல் மறைவாக நோட்டு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சில நடைமுறைக் குறிப்புகள்.

பேரனின் பெட்டியிலுள்ள கவராயத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதன் கால்கள் தளர்ந்திருக்கும். பாதி வட்டத்தில் அகலம் மாறிவிடும். நடுவில் திருகுள்ள கவராயம் ஒன்று வாங்குங்கள். இந்தச் செலவு மட்டும் அவசியம். தாளுக்கு அடியில் கெட்டி அட்டை வையுங்கள், முள் வழுக்காது. ஒரே மையத்தில் பலமுறை குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். அந்த இடத்தில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டால் தப்பலாம். பென்சில் கூராக இருக்கட்டும். கட்டுமானக் கோடுகளைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இலேசாக இழுங்கள். எது வேண்டுமென்று முடிவானபின் அதை மட்டும் அழுத்தி வரையுங்கள். இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் 114 வரைபடங்கள் கொண்ட ஏறத்தாழ 30 மீட்டர் நீளச் சுருள் ஒன்று இருக்கிறது. அதை வரைந்த உஸ்தாதுகளும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். மையின்றிக் கீறிய கட்டுமானக் கோடுகள் அதில் இன்றும் தெரிகின்றன.

கை நடுங்குகிறது என்பவர்கள் சிறிய வட்டங்களை விட்டுப் பெரிய வட்டங்களுக்குச் செல்லுங்கள். சிறு வட்டத்தில் பெரிதாகத் தெரியும் வழுவல் பெரிய வட்டத்தில் தெரியாது. கையை வளைப்பதைவிடத் தாளைத் திருப்புவது எளிது. வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வரவேண்டும். கண்ணில் புரை விழத் தொடங்கியவர்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அதுவரை பகல் வெளிச்சத்தில் மட்டும் வரையுங்கள்.

நடுக்கத்தைச் சொல்லும்போது நஸ்ரீன் முஹம்மதியைச் சொல்லாமல் விடமுடியாது. 1937-இல் கராச்சியில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, லண்டனில் பயின்று, 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பித்தவர். மையும் பென்சிலும் கொண்டு, கட்டடக்கலைஞர்களின் வரைகருவிகளால் மிக நுட்பமான கோடுகளை இழுத்தவர். நரம்பு நோய் அவருடைய கை கால்களின் கட்டுப்பாட்டை மெல்லமெல்லப் பறித்துவந்த ஆண்டுகளில்தான் அவர் கோடுகள் மேலும் சுத்தமாயின. பெரும்பாலான படைப்புகளுக்குத் தலைப்பும் இடவில்லை, தேதியும் இடவில்லை. 1990-இல் காலமானார். 2016-இல் நியூயார்க்கில் மெட் ப்ரூயர் அருங்காட்சியகத்தின் கதவுகள் திறந்தபோது உள்ளே இருந்த தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்று அவருடையது.

தேதி விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் தேதியும் உங்கள் பெயரும் எழுதுங்கள். 'இன்னாரின் உம்மா' என்றல்ல, உங்கள் பெயரை. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் சமுதாயப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக எத்தனை நேர்த்தியான கட்டங்களையும் கரைகளையும் படைத்திருக்கிறார்கள்! பாயை வாங்கியவர் பெயர் தெரியும், விற்றவர் பெயர் தெரியும். நெய்த கையின் பெயர் எந்தப் பாயிலும் இல்லை.

மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, நீங்கள் தவறாக எண்ணிச் சிரிக்கவில்லை என்பதை உங்கள் உம்மாவே எழுதியிருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நல்ல கவராயம் ஒன்று வாங்கி வாருங்கள். நோட்டுகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்று கேட்டு, அதை எப்படிப் போட்டார்கள் என்றும் கேளுங்கள். சொல்லித் தரும்போது உம்மாவின் முகத்தைப் பாருங்கள்.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அபுல் வஃபாவின் கணக்கையே விட்டுவைக்கிறேன். அட்டையில் ஒரே அளவாக மூன்று சதுரங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றாவது சதுரத்தை நடுவில் வைத்து அந்த நான்கையும் அதைச் சுற்றி அடுக்கிப் பாருங்கள். இன்னும் சில சிறு வெட்டுகள் தேவைப்படும். விடையை அடுத்த மாதம் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.